முறை வைத்துப் படித்த பாடம்

"அந்த வகுப்புல உக்காந்தது நான் சார். என் பேரைப் போடுங்க."

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சோலையம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். "கூலி கேளு, லீவு கேளு. சீசனுக்கு போனஸு கூடக் கேளு. பேரு மட்டும் கேக்காத தாயி. உனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் வெடிச்சரம் பின்னுறேன். எந்தப் பெட்டியிலயாச்சும் சோலையம்மான்னு போட்டிருக்கானா? கிளி படம் போடுவான், மயிலு படம் போடுவான், சினிமாக்காரி படம் போடுவான். பின்னுனவ பேரைப் போட மாட்டான். அதைப் போய்க் கேட்டா மறுநாள் வாசல்ல விடமாட்டான்."

அம்மா சொல்லாவிட்டாலும் பாண்டிச்செல்விக்குத் தெரிந்ததுதான். இந்த சிவகாசி ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்காக மேனேஜர் அறை வாசலில் நர்ஸுகள் நின்றிருக்கிறார்கள். பேருக்காக டாக்டர் அறைக்குள் யாரும் நுழைந்ததில்லை.

டாக்டர் சங்கரலிங்கம் காலை நோயாளிகளை முடித்துவிட்டு அப்போதுதான் டிபன் கேரியரைத் திறந்திருந்தார். மூடியைக் கையில் பிடித்தபடியே மேனேஜர் கனகசபாபதியைப் பார்த்தார். கனகசபாபதி செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்:

"எந்த வகுப்பும்மா?"

"தீக்காய வகுப்பு சார். போன மாசம் மதுரையில இருந்து கம்ப்யூட்டர்ல நடத்துனாகளே, அது. அதுக்கு டாக்டர் பேர்ல பாயிண்டு வந்திருக்கு. திருத்தங்கல் டாக்டருக்கும் வந்திருக்கு. ஆறு ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்கு. கேட்டது நான் ஒருத்தி."

"அதுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்றார் டாக்டர்.

என்ன வந்தது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். திருத்தங்கல் ஆஸ்பத்திரிக்குத் தீக்காயத்தோடு முனியராஜ் வந்திருந்தான். அவனைப் பற்றிப் பேசாமல் இருக்கத்தான் மூடியும் செல்போனும் தேவைப்பட்டன.

மதுரையில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாரம் ஒரு மதியம் இன்டர்நெட் வழியாக வகுப்பு நடத்தியது. விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல் என்று இந்தப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் ஆறு அதில் கூட்டுச் சேர்ந்திருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாற்காலி, ஒரு பாஸ்வேர்டு. டாக்டர் உட்கார்ந்து பாடத்தைக் கேட்டு, முடிவில் திரையில் வரும் கேள்விகளுக்கு விடையைத் தட்டினால், டாக்டர் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்விப் பாயிண்டு ஏறும். எந்த ஊரில் உட்கார்ந்து வாங்கினாலும் அந்தப் பாயிண்டு ஆறு இடத்திலும் செல்லும். சின்ன ஊர் டாக்டர்களும் வைத்தியத்தைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறாமல் நாலு புதுசு கற்றுக்கொள்ளட்டும் என்று யாரோ நல்ல மனசோடு யோசித்த காரியம். அந்த நல்ல மனசு சிவகாசிக்கு வந்து சேர்வதற்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது. டாக்டருக்குச் சாப்பிட நேரமில்லை.

"செல்வி, நீ பி.எஸ்சி. நர்சிங்ல? இங்கிலீஷ் புரியும்ல? நான் வர்ற வரைக்கும் உக்காரும்மா" என்றார் முதல் வாரம். அவர் வரவில்லை. இரண்டாம் வாரம் சொல்லவும் இல்லை. கனகசபாபதி பாஸ்வேர்டைச் சொன்னார். கம்ப்யூட்டரின் கேமரா கண்ணில் அவரே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினார். "கேட்டா, நெட்டு ஸ்லோவு, கேமரா போட்டா அறுந்துபோகுதுன்னு தட்டிவிடு." திரையில் அவள் டாக்டர் சங்கரலிங்கம் ஆனாள்.

இதுவரைக்கும் பழியை அவர்கள் மேல் போடலாம். பாண்டிச்செல்விக்கு அப்படிப் போடத்தான் ஆசை. ஆனால் அதற்கு அடுத்தது அவளுடைய சொந்த யோசனை.

திருத்தங்கல் ஆஸ்பத்திரியில் முஹ்சினா இருந்தாள். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. முஹ்சினாவின் அத்தா இக்பால் விருதுநகரில் பருப்பு வியாபாரம். செல்வியின் வீட்டில் அதுவரை காலேஜ் படி ஏறியவர் கிடையாது. முஹ்சினாவும் அவளுடைய டாக்டரின் நாற்காலியில் டாக்டராக உட்கார்ந்துகொண்டிருந்தாள். மற்ற நான்கு ஊரிலும் அதே கதைதான் என்று பேசித் தெரிந்தபோது செல்விக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் புள்ள, ஆறு பேரும் ஆறு ஊருல உக்காந்து ஒரே பாடத்தைக் கேக்கணுமா? வார்டுல ஆளில்லாம நாய் படாத பாடு படுறோம். தெருக்குழாய்ல தண்ணி புடிக்க முறை வைக்கோம்ல, அது மாதிரி முறை வச்சுக்கிருவோம். வாரம் ஒருத்தி கேக்கட்டும். கேள்வி வரும்போது மத்தவளுகளுக்குப் போன் போட்டுச் சொல்லட்டும்."

"அடியே, உனக்கு மூளையா, மத்தாப்பா?" என்று முஹ்சினா கொண்டாடினாள்.

முறை பிசகாமல் நடந்தது. விருதுநகர்க்காரி சர்க்கரை நோயைக் கேட்டாள், முஹ்சினா பாம்புக்கடியைக் கேட்டாள். மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு ஊசி போடப் போனார்கள். பாடம் முடிந்ததும் போன் வரும். "ஒண்ணு பி. ரெண்டு டி. மூணு ஏ." எழுத்து மட்டும்தான். அதற்கு மேல் பேச யாருக்கும் நேரமில்லை, கேட்கவும் தோன்றவில்லை. ஆறு ஊர் டாக்டர்களுக்கும் பாயிண்டு ஏறியது. இதைத் தெரிந்துகொண்ட கனகசபாபதி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "கூட்டுறவுன்னா இதும்மா கூட்டுறவு!" அந்த டீயை அவள் ரசித்துக் குடித்தாள்.

தீக்காய வகுப்பு செல்வியின் முறை.

பாடம் எடுத்தவர் லட்சுமிகாந்தம் என்ற பேராசிரியை. கண்டிப்பான குரல். அடைத்த அறைக்குள் தீப்பிடித்தால் உடம்பில் காயம் கொஞ்சமாக இருக்கும், சூடும் புகையும் உள்ளே போய்த் தொண்டையைச் சுட்டிருக்கும் என்றார் அவர். வரும்போது ஆள் நன்றாகப் பேசுவான். சில மணி நேரத்தில் தொண்டை உள்ளே வீங்கி மூச்சை அடைத்துவிடும். அடையாளம் சொன்னார். மூக்கில் கரி இருக்கிறதா பாருங்கள், குரல் கரகரக்கிறதா கேளுங்கள்.

செல்விக்கு உடனே தன் தெரு கண்ணுக்கு முன் வந்தது. அலுமினியத் தூள் அளக்கிறவர்கள், வெடிமருந்து கலக்கிறவர்கள். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வெள்ளி பூசிய சிலை மாதிரி வருவார்கள். மூக்கைச் சிந்தினால் வெள்ளியும் கருப்பும்தான் வரும். பாதிப் பேருக்குத் தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். இந்த ஊரில் மூக்கைப் பார்த்து, குரலைக் கேட்டு எதைக் கண்டுபிடிக்க?

அதை அப்படியே இங்கிலீஷில் தட்டினாள். எங்கள் ஊரில் விபத்து நடக்காத நாளிலேயே தொழிலாளிகள் இப்படித்தான் இருப்பார்கள், நாங்கள் எப்படி வித்தியாசம் காண்பது?

பேராசிரியை பாடத்தை நிறுத்தினார். "டாக்டர் சங்கரலிங்கம், இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேட்டதில்லை." யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்படின்னா நீங்க மூக்கை நம்பாதீங்க. வீட்டு ஆளைக் கூப்பிடுங்க. காலையில வேலைக்குப் போகும்போது இவர் குரல் இப்படித்தான் இருந்துச்சான்னு கேளுங்க. இல்லை, இது வேற குரல்னு அவங்க சொன்னா ஒரு நிமிஷம் காத்திருக்காதீங்க. பேசுறாரேன்னு ஏமாறாதீங்க. தொண்டையில குழாய் போடத் தெரிஞ்ச ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்க." பிறகு, "டாக்டர், உங்க மைக்கைப் போட்டு, அந்தத் தொழிலாளிகளைப் பத்தி எல்லாருக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

செல்விக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை மைக் பொத்தான் வரைக்கும் போனது. அதை அமுக்கினால் டாக்டர் சங்கரலிங்கம் பொம்பளைக் குரலில் பேசுவார். 'மைக் ரிப்பேர்' என்று தட்டினாள். "பரவாயில்லை. ரொம்ப நல்ல கேள்வி, டாக்டர்" என்றார் பேராசிரியை. அந்தப் பாராட்டை மடியில் கட்டிக்கொண்டு செல்வி அன்றைக்கு முழுக்கத் திரிந்தாள். கேள்வி நேரம் வந்தது. முன்கூட்டியே தயாரித்த கேள்விகள்; அவள் கேட்டது அதில் இல்லை. போனை எடுத்தாள். "முஹ்சி, எழுதிக்க. ஒண்ணு சி. ரெண்டு ஏ."

முனியராஜ் இவர்கள் தெருவின் கடைசி வீடு. திருத்தங்கலை ஒட்டிய பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்கிறவன். போன வாரம் மருந்து அறையில் புஸ்ஸென்று தீ ஒரே பிடியாகப் பிடித்தது. வெடிக்கவில்லை, கட்டடம் விழவில்லை, யாரும் சாகவில்லை. முழங்கையில் காயம், நெற்றியில் கொஞ்சம். அவனே ஆட்டோவில் ஏறினான். அவனை இறக்கியது முஹ்சினாவின் ஆஸ்பத்திரியில். டாக்டர் அங்கே ஆபரேஷனில் இருந்தார். முஹ்சினா கையைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். முனியராஜ் உட்கார்ந்து டீ கேட்டான். சீசன் நேரத்தில் இப்படி ஆகிப்போச்சே என்று பேசினான். மூக்கில் கருப்பும் வெள்ளியும் இருந்தது. யாருக்குத்தான் இல்லை?

சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மதுரைக்கு ஏற்றினார்கள். ஊருக்குள் நுழைந்து ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது மூச்சு நின்றேவிட்டது. மதுரையில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து நெஞ்சுத் துடிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மற்றது திரும்பவில்லை. கண்ணைத் திறக்கிறான். யாரையும் தெரியவில்லை.

மறுநாள் முஹ்சினா போன் செய்தாள். அழுது முடித்த குரல்.

"செல்வி, அன்னைக்கு உன் முறை வகுப்புல, குரலைப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

"சொன்னாக."

"என்னன்னு?"

செல்வி சொன்னாள். பிறகு, "எனக்கு நீ சொல்லலையேடி" என்றாள் முஹ்சினா.

"நீ கேக்கலையேடி."

வாயிலிருந்து அது வந்துவிட்டது. வந்த பிறகு அதை எங்கே வைத்து மறைப்பது என்று தெரியவில்லை. முஹ்சினா போனை வைத்துவிட்டாள்.

அதையும்கூட செல்வி ஒரு மாதிரி தள்ளிப்போட்டிருப்பாள். நேற்றுச் சாயங்காலம் பொன்னுத்தங்கம் வந்திருக்காவிட்டால்.

பொன்னுத்தங்கம் முனியராஜின் பொண்டாட்டி. மாற்றுச் சேலை எடுத்துப் போக மதுரையிலிருந்து வந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேரே செல்வியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சோலையம்மாள் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. தலை வாரி நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

"ஏ செல்வி, நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு."

"கேளுங்கக்கா."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போன உடனே அவுக, 'தங்கம் வந்துட்டியா'ன்னாக. எனக்குத் திக்குன்னுச்சு. அது அவுக குரல் இல்ல. பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சு. அந்த முஸ்லிம் நர்ஸுப் புள்ளகிட்டச் சொன்னேன். 'இது அவுக தொண்டை இல்ல தாயி'ன்னு. அது நல்ல புள்ளதான், கோவமா ஒண்ணும் பேசல. 'பவுடர் தின்ன தொண்டைக்கா, எங்ககிட்ட வர்ற எல்லாருக்கும் அப்படித்தான்'னுச்சு. நானும் படிச்ச புள்ள சொல்லுதேன்னு சும்மா இருந்துட்டேன்." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கினாள். "நான் இன்னுங் கொஞ்சம் கத்திச் சொல்லிருக்கணுமோ? சண்டை போட்டிருக்கணுமோ? அதைத்தான் நெனைச்சு நெனைச்சுப் பாக்கேன். சொல்லு, எம்மேல தப்பு உண்டா?"

செல்வி சொல்லியிருக்கலாம். உங்கள் காது சரி அக்கா. நீங்கள் சொன்னதைத்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள். கேட்கச் சொன்னது எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, தெரியாமல் வைத்தது நான். அம்புட்டுத்தான். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடலாம்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா" என்றாள். "நடக்கணும்னு இருந்துச்சு, நடந்துபோச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல."

"யாரு மேலயும் இல்லேங்கிற?"

"இல்லக்கா."

பொன்னுத்தங்கம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னா சரிதான். படிச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்பிப் போனாள். அதுதான் தாங்கவில்லை. ஏசியிருந்தால், மண்ணை வாரி இறைத்திருந்தால் செல்வி சோறு தின்றிருப்பாள்.

காலையில் மினிபஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். டாக்டரிடம் போய்க் கேட்பது. உட்கார்ந்தவள் பேரை மதுரைக்குச் சொல்லச் சொல்வது. சொன்னால்தான் மற்ற ஐந்து ஊரும் அந்தப் பாடத்தைக் கேட்கவில்லை என்பது வெளியே வரும். வகுப்பைத் திரும்ப நடத்துவார்கள், இந்த முறை நர்ஸுகளுக்கு. அவள் மனசில் இருந்தது இது. ஆனால் டாக்டர் முன்னால் நின்றபோது வாயில் வந்தது 'என் பேரைப் போடுங்க' என்பதுதான். ஏன் அது முதலில் வந்தது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அதுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்ட டாக்டருக்கு, "முனியராஜ் எங்க தெரு சார்" என்றாள்.

டாக்டர் டிபன் கேரியரை மூடி வைத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. சீசன் நேரத்தில் காயத்தோடு வருகிற ஏழைகளை அவர் திருப்பி அனுப்பி அவள் பார்த்ததில்லை. "செல்வி, நான் ஒண்ணு கேக்குறேன். அந்த வகுப்புல நானே உக்காந்திருந்தா மட்டும் திருத்தங்கல்ல நடந்தது மாறியிருக்குமா?"

"மாறியிருக்காது சார்."

"அப்புறம்?"

"நான் அவகிட்டப் பாடத்தைச் சொல்லியிருந்தா மாறியிருக்கும். எழுத்தைச் சொன்னேன்."

கனகசபாபதி சிரித்தார். நல்ல சிரிப்பு, அப்பன் மகளைப் பார்த்துச் சிரிப்பது போல.

"சார், புள்ள கேக்குறதுல நியாயம் இருக்கு சார். உழைச்சது அது. பேரு வேணுங்குது, குடுத்துருவோம். இந்தாம்மா செல்வி, சாயங்காலத்துக்குள்ள உன் கையில சர்ட்டிபிகேட் இருக்கும், போதுமா? நம்ம ஊர்ல பிரஸ்ஸுக்கா பஞ்சம்? காலண்டர் அடிக்கிற மும்முரத்துலயும் நமக்குன்னா ஒரு தாளு ஓட்டிக் குடுப்பான். தங்கக் கலர்ல பார்டர் போட்டு, லேமினேட் பண்ணி."

"மதுரைக்காரங்கல்ல சார் குடுக்கணும்?"

"அவங்க டாக்டருக்குக் குடுத்தாங்க. டாக்டர் கத்துக்கிட்டு வந்து ஸ்டாஃபுக்குச் சொல்லிக்குடுத்தாரு. அதுக்கு நம்ம ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட். தீக்காயப் பயிற்சி முடித்தவர், பாண்டிச்செல்வி முத்துப்பாண்டி, பி.எஸ்சி. நர்சிங். அடுத்த மாசம் இங்கன பயிற்சி மையம் திறக்கோம்ல, கம்பெனி போர்மேன்களுக்கு? அந்த மேடையில உனக்கும் ஒரு சேர். நீயே பாடம் எடு."

பாண்டிச்செல்வி முத்துப்பாண்டி. அப்பா பேரோடு சேர்த்து அவர் சொன்னபோது, அந்தத் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டாள். வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், தங்கப் பார்டரோடு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுகிறாள். பெட்டியில் போடாத பேரைப் பார் அம்மா, இங்கே போட்டிருக்கான். எச்சில் ஊறுவது போல ஆசை ஊறியது. மதுரையில் ஒருத்தன் கழுத்தில் ஓட்டையோடு கிடக்கும்போது ஊறியது. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் ஊறியது ஊறியதுதான்.

"என்ன தேதி போடுவீக சார்?" என்று கேட்டாள்.

"போன மாசத் தேதிதான். வகுப்பு நடந்த தேதி." கனகசபாபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உனக்கு மட்டும் இல்ல. ஆறு ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கும் ஒரே அச்சுல அடிச்சிருவோம், மத்த மேனேஜருகள்ட்ட நான் பேசிக்கிறேன். அந்தத் திருத்தங்கல் புள்ள, உன் பிரண்டு, அதுக்குத்தான் மொதல்ல."

"முஹ்சினாவுக்கா? அவ அந்தப் பாடத்தைக் கேக்கவே இல்லையே சார்."

"அட, வெவரம் இல்லாத புள்ளயா இருக்கியே! நாளைக்கு அந்த ஆளு வீட்டுல இருந்தோ, கலெக்டராபீஸ்ல இருந்தோ எவனாச்சும் வந்து, அன்னைக்கு அங்கன இருந்த நர்ஸுக்குப் பயிற்சி உண்டான்னு கேட்டா? உண்டு, இந்தா சர்ட்டிபிகேட்டு. சொல்லிக்குடுத்தோம். சொல்லிக்குடுத்தும் அவ கவனிக்கலைன்னா ஆஸ்பத்திரி என்னம்மா செய்யும்?"

டாக்டர் சட்டென்று, "சபாபதி, அதை இப்பப் பேசணுமா?" என்றார். அவர் செல்வியைப் பார்க்கவில்லை. டிபன் கேரியரின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசவேண்டாம் என்றுதான் சொன்னார். செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள். பேர் கேட்டாள், பேர் தருகிறார்கள். அவளுக்கு ஒரு பேர், முஹ்சினாவுக்கு ஒரு பேர். முஹ்சினாவின் பேர் அச்சேறுகிற நிமிஷத்தில் 'தெரியாமல் விட்டவள்' 'தெரிந்தும் விட்டவள்' ஆகிவிடுவாள். 'நீ கேக்கலையேடி' என்று போனில் இவள் சொன்ன அதே சொல்லுக்குத் தங்கப் பார்டர் போடுகிறார்கள். மேனேஜரை எந்த வாயால் ஏசுவது? அதை முதலில் சொன்னது இந்த வாய்.

"வேண்டாம் சார்" என்றாள்.

"எது வேண்டாம்?"

"எனக்குப் பேரு வேண்டாம். முஹ்சினா பேர்ல தாளு அடிச்சீகன்னா, அவ அந்தப் பாடத்தைக் கேக்கவே இல்லைன்னு நான் வந்து சொல்லுவேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

கனகசபாபதியின் சிரிப்பு கழன்று விழுந்தது. "ஏ புள்ள, பேசுறதை யோசிச்சுப் பேசு. ஊருக்கெல்லாம் விடையைப் போன்ல ஒப்பிச்சது யாரு? நானா? டாக்டரா? வெளிய போய் நீ வாயைத் தொறந்தா மொதல்ல போறது உன் நர்ஸுப் பதிவு. காலேஜுக்குப் போன மொத ஆளு நீதான் உங்க வீட்டுல? கடைசி ஆளும் நீயாத்தான் இருப்ப."

"ஒப்பிச்சது நான்தான் சார். முறை வைக்கச் சொன்னதும் நான்தான். அதையும் சேத்துத்தான் சொல்லப்போறேன்."

"யாருட்ட?"

பதில் நேற்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போன ஒருத்திக்கு உரியது. முதலில் பொன்னுத்தங்கம்; இந்நேரம் மதுரைக்குத் திரும்பியிருப்பாள். உங்கள் காது சரி அக்கா, தப்பு உண்டு, அது யார் மேல் என்று நேற்று நான் மறைத்தேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வது. அடிக்காமல் பார்த்தால் அதையும் வாங்கிக்கொள்வது. பிறகு அதே மதுரையில் அந்தப் பேராசிரியை. உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டர் சங்கரலிங்கம் நான்தான், என் மைக் ரிப்பேர் இல்லை. ஆறு ஊருக்கும் அந்தப் பாடத்தை மறுபடி நடத்துங்கள். என்னைச் சேர்க்க வேண்டாம், முஹ்சினாவைச் சேருங்கள். வேலை போகும். அம்மா மூக்கைச் சிந்துவாள். பதிவு போனாலும் போகும். போகட்டும் என்று துணிச்சலாக நினைக்க அவளுக்கு வரவில்லை. ஆனாலும் அது முடிந்துபோன விஷயமாக இருந்தது. இனி யோசிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"செல்வி" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "அந்தக் கேள்வி, அது என்னம்மா கேட்ட? மதுரை மேடம் என்னைப் போன்ல பாராட்டுனாங்க. என்ன கேட்டேன்னு எனக்கே தெரியல. ஆமா ஆமான்னு சொல்லி வச்சேன்."

அவள் கதவில் கை வைத்தபடி திரும்பினாள். "வீட்டு ஆளுகிட்டக் கேக்கணும் சார். காலையில இவர் குரல் இப்படித்தான் இருந்துச்சான்னு. இல்லைன்னு சொன்னா உடனே அனுப்பணும். நீங்களும் தெரிஞ்சுக்கங்க. நாளைக்கே ஒருத்தன் வருவான்."

டாக்டர் தலையை ஆட்டினார். அவர் முகம் சிறுத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வார்டுக்குப் போனாள். டூட்டியில் இருந்த இன்னொரு நர்ஸிடம், "சன்னலோரம் படுத்திருக்கிற ஆச்சிக்குச் சலைன் முடியப்போகுது, மாத்திரு. பக்கத்து ஆளுக்குக் காய்ச்சல் பாக்கணும்" என்றாள்.

"நீ எங்கனக்கா போற? மூணு மணிக்கு வகுப்பு இருக்கே, இன்னைக்கு யாரு முறை?"

"தெரியல. யாரையும் கூப்பிட்டு எழுத்து கேக்காத. நீயே உக்காந்து கேளு."

கம்ப்யூட்டர் அறையைத் தாண்டும்போது கரண்ட் போய், யு.பி.எஸ். கீ கீ என்று கத்தியது. பின்னாலிருந்து கனகசபாபதி, "ஏ செல்வி, இங்க வா, பேசுவோம், நில்லு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய நகக்கண்ணில் வெள்ளி இருந்தது.

அவள் நிற்கவில்லை. வெள்ளை யூனிபாரத்தோடேயே வாசற்படி இறங்கி, மதுரை பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.